நிறப் பிரிப்பும் வேலைப் பிரிவினையும்

1

பிரதியைப் பற்றிப் பேசிப் பேசி நமக்கு வாய் வலித்துவிட்டது. ஆசிரியன் செத்துப்போனான் என்று ரொலான் பார்த் 1967-இல் எழுதியதை நாம் பிந்தித்தான் தெரிந்துகொண்டோம். ஆதரித்தும் மறுத்தும் பக்கம் பக்கமாக எழுதித் தீர்த்தோம். வாசகன் பிறந்தான், சரி. ஆனால் எழுதி முடித்த பிரதிக்கும் வாசகன் கையில் வந்து சேரும் பொருளுக்கும் நடுவில் ஒருத்தர் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறாரே, 'அண்ணா, ஃபைல் ரெடிங்களா?' என்று போனில் கேட்டுக்கொண்டு, அவரைப் பற்றி நம் கோட்பாடுகள் வாய் திறந்ததில்லை. அவர் செய்வது 'டெக்னிகல் வேலை'. அவ்வளவுதான் நம் அகராதியில் அவருக்குக் கிடைத்திருக்கும் இடம்.

இந்தக் கட்டுரை அந்த வேலையை விளக்க முயல்கிறது. வடிவமைத்த ஒரு கோப்பு அச்சுக்குப் போகுமுன் அதற்கு என்னென்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது, அந்த முடிவுகளை எடுப்பவர் யார், தப்பிப்போனால் யார் தலையில் விழுகிறது என்பவை என் கேள்விகள். எழுதுகிறவர்களுக்கும் இயக்கங்களில் இருக்கிறவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஏனென்றால் நோட்டீசும் பனியனும் சிறுபத்திரிகையும் போடுகிற நாம், ஏற்றுமதிக் கம்பெனி நடத்துகிற அதே வேலைப் பிரிவினையைக் கேள்வி கேட்காமல் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

குன்னத்தூர் பக்கத்தில் 'பிரிண்டிங்' என்றால் முதலில் நினைவுக்கு வருவது காகிதம் இல்லை, துணி. காலையில் கம்பெனி வேன்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு பெருமாநல்லூர் வழியாகத் திருப்பூருக்குப் போகிற ரோடு இது. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் ஒரே கூரைக்குள் எல்லாம் நடப்பது குறைவு. நூல் ஓர் இடம், நிட்டிங் ஓர் இடம், சாயம் ஓர் இடம், தையல் ஓர் இடம். மார்பில் வரும் படமும் அப்படித்தான். வெட்டிய முன்பக்கத் துண்டுகள் கட்டுக் கட்டாகப் பிரிண்டிங் யூனிட்டுக்கு ஜாப் ஒர்க்காகப் போய், அச்சாகித் திரும்பி வந்து பிறகுதான் பனியனாகத் தைக்கப்படும். எனவே காகிதத்தை விடத் துணியை வைத்துத் தொடங்குவது எளிது. துணியில் எல்லாம் பெரிதாக, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நடக்கிறது.

2

2020 செப்டம்பரில் இசையமைப்பாளர் யுவன் சங்கர் ராஜாவும் நடிகர் சிரிஷும் வாசகம் அச்சிட்ட பனியன்களைப் போட்டுக்கொண்டு வெளியிட்ட படம் பரவியது. அவற்றில் ஒரு வாசகம் 'ஹிந்தி தெரியாது போடா'. அந்த ஜூலையில்தான் மத்திய அரசு புதிய கல்விக் கொள்கைக்கு ஒப்புதல் கொடுத்திருந்தது. மும்மொழிச் சண்டை சூடாக இருந்த நேரம். கொஞ்ச நாளிலேயே அந்த வாசகத்துக்கான ஆர்டர்கள் திருப்பூருக்கு வந்ததைப் பத்திரிகைகள் எழுதின. ஹிந்தியை எதிர்க்கிற வாசகம் 'ஹி' என்ற கிரந்த எழுத்தில் தொடங்குவதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். இங்கே நமக்கு வேண்டியது வேறு. இந்த மூன்று சொல்லை ஒரு கறுப்புப் பனியனின் மார்பில் 12 அங்குல அகலத்துக்கு வெள்ளையில் அச்சிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். என்ன வேண்டும்?

முதலில் எழுத்து வேண்டும். இங்கேயே சிக்கல் ஆரம்பித்துவிடுகிறது. தமிழுக்குக் கணினியில் இரண்டு விதமான இருப்பு உண்டு. பழைய வகை, பாமினி போன்ற எழுத்துருக்கள். அவற்றில் தமிழ் எழுத்தின் படங்களை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார வைத்திருப்பார்கள். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கணினிக்குத் தெரிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற வரிசைதான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஃபைலைத் திறந்தால் அம்மா போய் அந்த ஆங்கில வரிசை வந்து நிற்கும். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வரிசை வைத்திருந்ததால், 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு குறியாக்கங்களைத் தரப்படுத்தியது. அப்போதும் இவை ஆங்கிலத்தோடு இடம் பகிர்ந்துகொண்ட ஏற்பாடுகள்தான்.

இரண்டாவது வகை யூனிகோடு. 1991-இல் அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் கிடைத்தது. தமிழக அரசு அதை ஏற்றது 2010-இல். இங்கே ஒவ்வொரு எழுத்துக்கும் சொந்த எண் உண்டு. ஆனால் ஒரு நுட்பமான வேறுபாடு இருக்கிறது. 'தெ' என்று எழுதும்போது கொம்பு கண்ணுக்கு முன்னால் வருகிறது, வாய்க்கு 'த்' முன்னால் வருகிறது. பாமினி கண்ணின் வரிசையில் சேமிக்கும்: முதலில் கொம்பு, அப்புறம் த. யூனிகோடு நாக்கின் வரிசையில் சேமிக்கும்: முதலில் த, அப்புறம் கொம்பு. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் தூக்கிப் போடுவது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருளில், அல்லது தெரிந்தும் அந்த அமைப்பைத் தேர்ந்தெடுக்காத மென்பொருளில், கொம்பு பின்னாலேயே நின்றுவிடும்.

இப்போது நம் வாசகத்தைப் பாருங்கள். 'தெ'வில் கொம்பு இடம் மாற வேண்டும். 'து' என்பதில் தகரமும் உகரக் குறியும் சேர்ந்து ஒரே வடிவமாக வேண்டும். 'போ'வில் ஒரே குறி இரண்டாகப் பிளந்து, பகரத்துக்கு முன்னால் இரட்டைக் கொம்பும் பின்னால் காலும் போட வேண்டும். மூன்று சொல்லுக்குள் மூன்று இடத்தில் உடையக் காத்திருக்கிறது. ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் போன்றவற்றின் பல பதிப்புகளில் தெற்காசிய எழுத்துகளுக்கான தனி அமைப்பைத் தேடிப்பிடித்து மாற்றினால்தான் இது சரியாக வரும். இல்லாவிட்டால் மொழிப்பற்றை அறிவிக்கும் பனியனில் மொழி சிதைந்து கிடக்கும். விமான நிலையப் பலகைகளிலும் வங்கி விளம்பரங்களிலும் கொம்பு இடம் மாறிய தமிழைப் பார்த்து நாம் கோபப்படுகிறோம். காரணம் எல்லா நேரமும் வெறுப்பு இல்லை. ரோமன் எழுத்தை இயல்பு என்று எடுத்துக்கொண்டு கட்டிய கருவியில், மற்ற எழுத்துகள் 'விசேஷ அமைப்பு' என்று ஒரு மூலையில் வைக்கப்பட்டிருக்கின்றன. மையமும் விளிம்பும் ஒரு மெனுவுக்குள்ளேயே இருக்கிறது.

3

அடுத்தது, பூட்டுவது. எழுத்து சரியாக வந்தவுடன் டிசைனர் செய்யும் காரியம் அதைக் 'கர்வ்ஸ்' ஆக்குவது. அதாவது எழுத்தை எழுத்தாக வைக்காமல் அதன் வெளிக்கோட்டை மட்டும் வடிவமாக மாற்றிவிடுவது. இனி எந்தக் கணினியில் திறந்தாலும் எழுத்துரு தேவையில்லை. கொம்பு நகராது, புள்ளி விழாது. பிரிண்டிங் யூனிட்டுகள் கர்வ்ஸ் ஆக்கிய ஃபைலைக் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

கோட்பாட்டு மொழியில் சொன்னால், இந்தக் கணத்தில் மொழி மொழியாக இருப்பதை நிறுத்திக்கொள்கிறது. இனி அதில் 'தெரியாது' என்ற சொல்லைத் தேட முடியாது. எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது. குறியீட்டிலிருந்து குறிப்பீடு கழன்று, குறிப்பான் வெறும் கோடாக மிஞ்சுகிறது. பாதுகாப்பும் இழப்பும் ஒரே சொடுக்கில் நடக்கின்றன. ஆகவே தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் பிழை பார்க்க வேண்டிய கடைசி இடம் இது. இதற்குப் பிறகு ஃபைல் போகிற கைகள் தமிழ் படிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

கட்டாயம் இல்லை என்பதை யோசித்துத்தான் சொல்கிறேன். திருப்பூர் பிரிண்டிங் மேசைகளிலும் தையல் வரிசைகளிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், வங்காளத்துத் தொழிலாளர்கள் பெருமளவு வேலை பார்க்கிறார்கள். 'ஹிந்தி தெரியாது போடா' பனியனை அச்சடித்த கைகளில் இந்தி பேசும் கைகளும் இருந்திருக்கலாம். அந்தக் கைகளுக்கு அது ஒரு வெள்ளை வடிவம், ஓரம் பிசிறாமல் விழ வேண்டிய ஒரு பீஸ். இதைக் கேட்டு யாராவது சிரித்தால், யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்த 'டா' டெல்லியில் மொழிக் கொள்கை வகுப்பவனை நோக்கியது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அச்சு மேசையில் அது யார் முகத்துக்கு நேராக இருக்கிறது என்பது கோப்பில் எழுதப்படாத சங்கதி. மொழித் திணிப்பை எதிர்ப்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் எதிர்ப்பு வாசகம் கூட ஓர் உற்பத்திச் சங்கிலி வழியாகத்தான் உடம்பில் ஏறுகிறது, அந்தச் சங்கிலியைப் பார்க்காத எதிர்ப்பு பாதி எதிர்ப்பு என்கிறேன்.

4

இனி நிறம். பிரிண்டிங் தொழிலில் 'செபரேஷன்' என்பார்கள். தொண்ணூறுகளில் 'நிறப்பிரிகை' என்று ஒரு பத்திரிகை வந்தது, நம்மில் பலரை ஆக்கிய பத்திரிகை. பெயர் வெள்ளை ஒளி ஏழாகச் சிதறுவதைக் குறித்தது. அச்சகத்தின் நிறப் பிரிப்பு அதற்கு நேர் எதிர்த்திசையில் இயங்குகிறது. பல நிறங்கள் கொண்ட படத்தை நிறத்துக்கு ஒன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கறுப்பாக்கும். ஆமாம், கறுப்பாக. சிவப்புக்கான ஃபிலிமும் கறுப்பு, மஞ்சளுக்கான ஃபிலிமும் கறுப்பு, வெள்ளைக்கான ஃபிலிமும் கறுப்பு. ஒளி ஊடுருவாத இடம் எது, ஊடுருவும் இடம் எது என்பது மட்டும்தான் ஃபிலிமின் பிரச்சினை. மருந்து பூசிய ஸ்கிரீன் மீது இந்த ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டினால், வெளிச்சம் பட்ட மருந்து இறுகும். கறுப்பு மறைத்த மருந்து தண்ணீரில் கழன்று போகும். கழன்ற துளை வழியாக இங்க் இறங்கும். அது என்ன நிறம் என்பதை அப்போது கலர் மாஸ்டரின் டப்பாதான் தீர்மானிக்கிறது.

இங்கே ஒரு பொதுவான தவறைச் சொல்ல வேண்டும். கறுப்புப் பனியன் என்பதால், கறுப்புச் சதுரத்தின் மேல் வெள்ளை எழுத்து வைத்த படத்தை அனுப்பிவிடுவார்கள் நம் தோழர்கள். திரையில் அழகாக இருக்கும். ஆனால் அந்தக் கறுப்பு துணியின் நிறம், அச்சிட வேண்டியதில்லை. அச்சிட வேண்டிய வெள்ளையோ கணினிக்கு 'ஒன்றும் இல்லாத இடம்'. காகித அச்சின் தர்க்கத்தில் வெள்ளை என்றால் இங்க் விழாத காகிதம். துணியில் வெள்ளை ஒரு இங்க், அதுவும் கனமான இங்க். காகிதம் தன்னைப் பொதுவானதாக, நிறமற்றதாகக் காட்டிக்கொள்கிறது. துணி அந்தப் பொய்யைச் சொல்ல விடுவதில்லை. எனவே துணியின் நிறத்தைத் தனி லேயரில், 'அச்சில்லை' என்று குறித்து வைக்க வேண்டும். வெள்ளையைத் தனி நிறமாகப் பெயர் கொடுத்து வைக்க வேண்டும்.

கறுப்புத் துணியில் சிவப்போ மஞ்சளோ அடித்தால் துணி அதைக் குடித்து மங்கவைத்துவிடும். அதனால் முதலில் அடியில் வெள்ளை அடித்து, சூடு காட்டிக் காயவைத்து, அதன் மேல்தான் நிறம். அடிவெள்ளை மேல்நிறத்தை விட ஒரு மயிரிழை குறுகலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரத்தில் வெள்ளை எட்டிப்பார்க்கும். பின்னல் துணி இழுபடும், ஸ்கிரீன் கொஞ்சம் நகரும். இந்த நகர்வை எதிர்பார்த்து முன்கூட்டியே ஃபைலில் இடம் விடுவதுதான் செபரேஷன் செய்பவரின் கெட்டிக்காரத்தனம். கோடு ஒரு பாயிண்டை விட மெலிந்தால் துணியில் நிற்காது. 'ஹ', 'ஞ', 'ண' இவற்றின் சுழிகள் சின்ன அளவில் அடைத்துக்கொள்ளும். திரையில் பெரிதாக்கிப் பார்த்துத் திருப்திப்படுவதில் பிரயோசனமில்லை. உண்மை அளவில் காகிதத்தில் ஒரு பிரதி எடுத்து, நெஞ்சில் வைத்துப் பார்க்க வேண்டும்.

புகைப்படமாக இருந்தால் கதை வேறு. துணியில் சாம்பல் நிறம் அடிக்க முடியாது, இங்க் விழும் அல்லது விழாது. இடைச்சாயலைப் புள்ளிகளாக்கித்தான் ஏமாற்ற வேண்டும். நல்ல காகித அச்சில் அங்குலத்துக்கு 150 வரிசைப் புள்ளி சாதாரணம். துணியில் 45 முதல் 65 வரைதான் பெரும்பாலும் தாங்கும். ஸ்கிரீனின் வலைக்கண் அந்த வரிசையைப் போல நாலைந்து மடங்கு நெருக்கமாக இருந்தால்தான் புள்ளி முழுதாக நிற்கும். அதற்கு மேல், துணியில் விழுந்த புள்ளி ஊறிப் பெரிதாகும். அதனால் நடுச்சாயலை ஃபைலிலேயே வெளுக்கவைத்து அனுப்ப வேண்டும்.

சே குவேராவின் படம் ஏன் உலகமெல்லாம் பனியனில் ஏறியது? அரசியல் காரணங்களை நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அச்சுக்கலையின் காரணம் ஒன்றும் உண்டு. அல்பெர்த்தோ கோர்தா 1960 மார்ச் 5-இல் ஹவானாவில் எடுத்த புகைப்படத்தை 1968-இல் அயர்லாந்து ஓவியர் ஜிம் ஃபிட்ஸ்பாட்ரிக் இடைச்சாயல் எல்லாம் நீக்கி, சிவப்பில் கறுப்பாக, நட்சத்திரத்தில் மட்டும் மஞ்சளோடு சுவரொட்டியாக்கினார். யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டார். அதாவது அந்தப் படம் பிறக்கும்போதே பிரிக்கப்பட்டுப் பிறந்தது. புள்ளி வேண்டாம், ஸ்கிரீன் மலிவு, எந்தப் பட்டறையிலும் அடிக்கலாம். நம் ஊரில் பெரியாரும் அம்பேத்கரும் கோட்டோவியமாகவே பனியனில் நிலைத்ததற்கும் இதே நியாயம் பொருந்தும். மலிவாக அச்சாகும் முகம்தான் பரவும் முகம். இயக்கத்தின் பிம்பம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் வலைக்கண்ணுக்கும் ஓர் ஓட்டு இருக்கிறது.

நிறத்தின் எண்ணிக்கை வேறொன்றையும் தீர்மானிக்கிறது. ஒரு நிறம் கூடினால் ஒரு ஸ்கிரீன் கூடும், ஒரு மேசைச் சுற்று கூடும், கழுவுகிற தண்ணீர் கூடும். நிறத்தின் கழிவு எங்கே போகும் என்பதை நொய்யல் கரையில் இருப்பவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்ன வரலாறு நமக்கு முன்னால் இருக்கிறது. அந்த உத்தரவு சாயப்பட்டறைகளைப் பற்றியது, மார்பு அச்சைப் பற்றியதில்லை. ஆனாலும் 'ஆறு கலர் போடுங்க, எடுப்பா இருக்கும்' என்று சொல்லுகிறவர் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம்.

5

ஏற்றுமதி ஆர்டரில் ஃபைல் வெளிநாட்டுப் பையரிடமிருந்து வரும். கூடவே நிறத்தின் எண்ணும் வரும், பெரும்பாலும் பேன்டோன் எண். 1963-இல் லாரன்ஸ் ஹெர்பர்ட் ஏற்படுத்திய இந்த முறை, நிறத்துக்கு ஒரு பொது மொழியைக் கொடுத்தது. 'மாம்பழ மஞ்சள்' என்றால் என்ன மாம்பழம் என்று கேட்கலாம், எண்ணைக் கேட்க முடியாது. ஆனால் இதிலும் கிளைகள் உண்டு. காகித இங்குக்கான எண் வேறு, பருத்தித் துணிக்கான எண் வேறு. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதை எதிர்பார்த்தால் சண்டைதான். பொது மொழி யாருடைய சொத்து என்பது 2022 இறுதியில் வெளிச்சமானது. அடோபியின் மென்பொருள்களிலிருந்து பேன்டோன் நிறத் தொகுப்புகள் நீக்கப்பட்டு, தனிச் சந்தா கட்டினால்தான் என்று ஆனது. பழைய ஃபைல்களைத் திறந்தவர்களுக்கு அந்த நிறங்கள் இருந்த இடத்தில் கறுப்பு வந்தது. நிறமும் வாடகைக்குத்தான் என்பதை இதை விட நேரடியாக யாரும் விளக்கிவிட முடியாது.

பிரிண்டிங் யூனிட் ஒரு துண்டில் அடித்துக் காட்டும். அதற்கு 'ஸ்ட்ரைக் ஆஃப்' என்று பெயர். அதை லைட் பாக்ஸில், பகல் வெளிச்சம் போன்ற விளக்கிலும் கடை விளக்கிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பார்கள். ஒரு விளக்கில் பொருந்துகிற இரண்டு நிறம் இன்னொரு விளக்கில் பிரிந்துபோகும். பையர் சரி என்று கையெழுத்துப் போட்ட துண்டுதான் அதன் பிறகு அளவுகோல். வால்டர் பெஞ்சமின் 1930-களில் இயந்திர மறுஉற்பத்தி பற்றி எழுதியபோது மூலத்தின் ஒளிவட்டம் மங்குவதைப் பேசினார். திருப்பூரில் மூலம் மங்கவில்லை, இடம் மாறியிருக்கிறது. ஃபைல் மூலமில்லை, ஓவியனின் கை மூலமில்லை. கையெழுத்தான துண்டு மூலம். அதிகாரம் எதன் மேல் கையெழுத்துப் போடுகிறதோ அது மூலமாகிறது.

இந்த ஏற்பாட்டில் முடிவுகள் மேலே எடுக்கப்படுகின்றன, நஷ்டம் கீழே இறக்கப்படுகிறது. நிறம் தவறினால் டெபிட் நோட்டு எக்ஸ்போர்ட்டருக்கு, அவரிடமிருந்து ஜாப் ஒர்க் செய்தவருக்கு. கடைசியில் கண் விழித்து செபரேஷன் செய்தவரின் முகத்தில் வந்து விழும். ஃபைலைத் தவறாக அனுப்பியது யார் என்ற கேள்வி அதற்குள் காணாமல் போயிருக்கும். ஹாரி பிரேவர்மன் 1974-இல் எழுதிய 'உழைப்பும் ஏகபோக மூலதனமும்' நூலில் இதைத்தான் சொன்னார்: திட்டமிடுவதையும் செய்வதையும் தனித்தனியாகப் பிரித்து, திட்டமிடுவதை நிர்வாகத்தின் ஏகபோகமாக்குவது முதலாளித்துவ வேலைப் பிரிவினையின் உயிர். அவர் செம்புக் கொல்லராகத் தொழில் கற்றவர், பிறகு பதிப்பாளரானவர், எனவே இரண்டு பக்கமும் தெரிந்தவர். நான் சேர்க்க விரும்புவது ஒன்றுண்டு. செபரேஷன் செய்பவரின் வேலையில் இந்தப் பிரிவினை முழுசாக வெற்றி பெறவே முடிவதில்லை. துணி எவ்வளவு இழுபடும், இங்க் எவ்வளவு ஊறும், எந்த நிறத்தை விட்டுக்கொடுத்தால் படம் பிழைக்கும் என்பதை டெக் பேக் சொல்லாது. அது ஒரு வாசிப்பு. படத்தை வாசித்து, எதை இழக்கலாம் என்று தீர்மானிக்கிற வாசிப்பு. விமர்சகன் செய்வதும் இதுதானே. ஒரு வித்தியாசம், விமர்சகனின் பெயர் அச்சாகும்.

6

இப்போது நம் காகிதத்துக்கு வருவோம். எக்ஸ்போர்ட்டரைத் திட்டுவது சுலபம், நாம் என்ன செய்கிறோம்? அட்டைப்படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, 'கொஞ்சம் பாத்து வெச்சிருங்க' என்கிறோம். அந்தக் 'கொஞ்சம்' என்பதில் முழு அச்சுக்கலையும் அடங்கியிருக்கிறது.

வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும், ஆவணமாக அனுப்பினால்தான் சுருக்காது. அச்சுக்குப் படம் உண்மை அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பார்கள். அது ஏதோ சடங்கு இல்லை, 150 வரிசை அச்சுக்கு அதன் இரண்டு மடங்கு தகவல் வேண்டும் என்ற கணக்கு. ஐந்தரை அங்குல அகல அட்டைக்கு 1650 பிக்சல் இல்லையென்றால் படம் மங்கும். சின்னப் படத்தை மென்பொருளில் பெரிதாக்கினால் எண்ணிக்கை கூடும், தகவல் கூடாது.

திரை ஒளியால் நிறம் காட்டுகிறது: சிவப்பு, பச்சை, நீலம். அச்சு இங்கால் காட்டுகிறது: சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. ஒளியில் இருக்கிற சில நீலங்களும் பச்சைகளும் இங்கில் கிடையவே கிடையாது. எதை எதாக மாற்றுவது என்பதை நாமே மாற்றிப் பார்த்து ஒப்புக்கொண்டு அனுப்பினால் பிறகு புலம்ப வேண்டாம். இதில் மோசமாக அடிபடுவது கறுப்பு. திரைக்கான கறுப்பை ஃபோட்டோஷாப்பின் வழக்கமான அமெரிக்க அமைப்பில் மாற்றினால் 75, 68, 67, 90 என்று நாலு இங்கும் சேர்ந்த கறுப்பாகும், மொத்தம் 300 சதவீதம். படத்துக்கு அது பரவாயில்லை. பத்துப் பாயிண்ட் தமிழ் எழுத்துக்கு அது விஷம். நாலு பிளேட்டில் ஒன்று துளி நகர்ந்தாலும் எழுத்துக்கு நிழல் விழும், புள்ளி இரட்டிக்கும், சுழி அடைக்கும். உடல் எழுத்து எப்போதும் தனிக் கறுப்பு 100 சதவீதம் மட்டும்தான். எல்லா வாக்கியத்தையும் கறுப்பு மையில் எழுதும் நமக்கு, எத்தனை கறுப்பு இருக்கிறது என்று தெரியாமலிருப்பது வேடிக்கை.

அட்டையில் ஓரம் வரை படம் வந்தால் நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும், வெட்டும் கத்தி மில்லிமீட்டர் அளவுக்குத் தள்ளாடும். முக்கியமான எழுத்து வெட்டுக் கோட்டை ஒட்டி நிற்கக் கூடாது. உள்பக்கங்கள் 16-இன் மடங்காக வந்தால் பாரம் முழுசாகும். முதுகின் கனம் பக்கமும் தாளும் முடிவான பிறகுதான் தெரியும், அதற்கு முன் அட்டையை முடித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடைசியாக, எழுத்துருக்கள் உள்ளடங்கிய பிடிஎஃப். 2001-இல் சர்வதேசத் தரமான பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ என்ற வகை, எழுத்துரு விட்டுப்போனதையும் திரை நிறம் ஒட்டிக்கொண்டிருப்பதையும் அனுமதிக்காது. அந்த வகையில் ஏற்றுமதி செய்தால் பாதிப் பிரச்சினை நம் மேசையிலேயே தெரிந்துவிடும்.

இதையெல்லாம் எழுத்தாளனே செய்ய வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டியதில்லை. செய்பவரோடு உட்காரத் தெரிந்தால் போதும். வேலைப் பிரிவினையை ஒழிப்பது என்றால் எல்லாரும் எல்லா வேலையும் செய்வது என்று பொருளில்லை. முடிவு எடுக்கும் இடத்தில் செய்பவரும் இருப்பது, தவறின் சுமையை முடிவெடுத்தவரும் சுமப்பது என்று நான் புரிந்துகொள்கிறேன். நடைமுறையில் இதற்குச் சில வழிகள் உண்டு. கர்வ்ஸ் ஆக்குமுன் தமிழ் படிப்பவர் ஒருவர் பிழை பார்த்துக் கையெழுத்திடுவது. திருத்தக்கூடிய மூலக் கோப்பைத் தனியே காப்பாற்றி வைப்பது. நிறம் எத்தனை என்பதை டிசைனரோடும் அச்சடிப்பவரோடும் பேசித் தீர்மானிப்பது. ஒரு பீஸ் அடித்துப் பார்த்துவிட்டு மீதியை அடிக்கச் சொல்வது, அந்த ஒரு பீஸுக்கான கூலியை ஒழுங்காகக் கொடுப்பது. ஃபைல் நம்மால் தவறிப்போனால் மறு அச்சின் செலவை நாமே ஏற்பது.

சிறுபத்திரிகைகளின் உள்ளட்டையில் 'ஒளியச்சு' என்று ஒரு வரி இருந்தது. பேஜ்மேக்கரில் பக்கம் கட்டியவரின் பெயரோ நிறுவனத்தின் பெயரோ அதில் வரும். கட்டுரையாளரின் பெயர் கட்டுரைக்கு மேல், ஒளியச்சு செய்தவரின் பெயர் எட்டுப் பாயிண்டில், ஆனாலும் இருந்தது. கையில் இருக்கிற புதிய இதழ்களை எடுத்து அந்த வரி இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த போராட்டத்துக்கு நாம் போடப்போகிற பனியனில் அப்படி ஒரு வரிக்கு இடமே கிடையாது. கழுத்துப் பட்டியின் உள்ளே, சைஸ் லேபிளுக்குப் பக்கத்தில் வேண்டுமானால் இருக்கலாம். அங்கே எந்தெந்தப் பெயர்களை, எந்தெந்த மொழிகளில் அச்சிடுவது என்று பேச ஆரம்பித்தால், மார்பில் இருக்கிற வாசகமும் வேறு மாதிரி எழுதப்படலாம்.